ஆறாம் வகுப்பு வந்த கதை

அறுபதுகளின் கடைசியில் நான் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். படித்தேன் என்று சொன்னால் பழவேற்காட்டு ஏரியே சிரிக்கும். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வெளுத்துக் கிடக்கும், பூநாரைகள் ஒற்றைக்காலில் தூங்கும். நானும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன்.

எங்கள் குப்பத்துப் பள்ளியில் ஐந்துக்கு மேல் கிடையாது. ஆறாவது படிக்க ஏரியைத் தாண்ட வேண்டும். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். பள்ளிகளைச் சோதிக்கிற ஆபீசர் வந்து பார்த்து, பிள்ளைகள் நன்றாக வாசித்தால் இங்கேயே ஆறாம் வகுப்பு வரும் என்று பேச்சு. எனக்கு அதன்மேல் அப்படி ஓர் ஆசை.

அவர் வருவதற்கு முந்தின நாள் வாத்தியார் என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் தனியே கூப்பிட்டார்.

"ஆபீசர் வர்ற படகை நீங்க மூணு பேர்தான் பாத்துக்கினு இருக்கணும். யாராவது கேட்டா, பள்ளிக்கூடம் போறதில்லன்னு சொல்லிடுங்க. இன்னா, புரிஞ்சுதா?"

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தினி பசங்க இருக்க, உன்ன கூப்ட்டு சொல்லிக்கிறாரு பாரு" என்று பெரியபாளையத்துக் கோயிலுக்குப் போக எடுத்துவைத்திருந்த பாவாடையைக் கட்டிவிட்டாள்.

மறுநாள் பகல் முழுக்க ஏரியில் நின்றோம். தண்ணீர் வடிய வடிய, படகு சேற்றில் தட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்குத் தள்ளினோம். இறால் காலில் உரசிக்கொண்டு ஓடியது. பள்ளியிலிருந்து வாசிப்புச் சத்தம் காற்றில் மிதந்து வந்தது. ஒரு தடுமாற்றம்கூட இல்லை. இவ்வளவு நல்ல பள்ளிக்கூடமா நம்முடையது என்று பூரித்துப்போனேன். தடுமாறுகிற மூன்று பேரும் தண்ணீரில் நிற்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் ஆபீசர் வாத்தியாரோடு கரைக்கு வந்து, மிதந்துகொண்டிருந்த படகைப் பார்த்தார்.

"கெட்டிக்காரப் பொண்ணுங்களா இருக்கீங்களே. எந்தக் கிளாஸ்?"

"நாங்க இஸ்கூலுக்கே போறதில்ல சார்" என்றேன், சொல்லிக்கொடுத்தபடியே.

அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "இதுங்களயும் சேத்துக்கங்க சார்" என்றார். வாத்தியார் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

ஆறாம் வகுப்பு வந்தது. பரீட்சையில் தேறியவர்கள் பட்டியலில் எங்கள் மூவர் பெயரும் இல்லை. இன்னொரு வருடம் ஐந்தாவதிலேயே உட்காரவைக்க நைனாவுக்கு இஷ்டமில்லை. என்னை வலையில் சிக்கெடுக்க வைத்துவிட்டார். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை. காற்றில் ஆறாம் வகுப்பு வாசிப்பு கேட்கும்போதெல்லாம், பக்கத்தில் வலை பிரிக்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன்: "அது நான் வாங்கிக் குடுத்த கிளாஸு."