கிளியின் இறகில் பூத்த உப்பு

ஈரத்துணி உப்புக்காற்றில் காயும் வாடை வந்தால் போதும், இன்றைக்கும் ஒரு பச்சைக்கிளி நினைவுக்கு வரும். போன பங்குனியில், மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு சிறிய தனியார் கலைக்கூடத்தில் நடந்தது இது.

கலை வரலாறு படித்தவள் நான். படித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜவுளிக்கடை, காலண்டர் அச்சகம், புதுச்சேரியில் சுற்றுலா வழிகாட்டி, லீவ் வேகன்சியில் டிராயிங் டீச்சர், எல்லாம் பார்த்தாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் யாராவது, "அதுக்கு என்ன வேலைதான் கெடைக்கும்?" என்பார்கள். நான் ரசம் கேட்டுப் பேச்சை மாற்றுவேன்.

நாற்பத்தாறு வயதில்தான் படிப்புக்கேற்ற வேலை வந்தது. சிற்பங்களை வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்பும் முன், ஒவ்வொன்றிலும் உள்ள கீறல், விரிசல், கறை எல்லாவற்றையும் பார்த்து எழுதித் தர வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம். அன்று கடைசி நாள். நாலு மணிக்குப் பொறுப்பாளர் வந்து, என் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். கையில் கிளி ஏந்திய பெண். கடலோரத்தில் ஏதோ பழைய வீட்டு முகப்பிலிருந்து வந்த, சுண்ணாம்புச் சாந்தில் செய்த சுதைச் சிற்பம். கிளியின் பச்சை இறகின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூசி என்று நினைத்தேன். எழுதுவதோடு நிறுத்தியிருக்கலாம், தொடுவது என் வேலையே இல்லை. ஆனால் பயந்த கை சும்மா இருக்குமா? ஈரத்துணியால் துடைத்தேன். பச்சை பளிச்சென்றது. "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் வெள்ளை திரும்பியிருந்தது. முன்னைவிட அடர்த்தியாக, முள் முள்ளாக. பீடத்தில் பச்சைச் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. மறுபடி துணியை நனைத்தேன்.

கூட்ட வந்த பெண் பின்னால் நின்றிருந்தாள். காலையில் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு மத்தியானத்துக்கு மேல் இங்கே வருபவள். பீடத்துப் பொடியை விரல்நுனியில் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

"ஐயோ, வாயில வெக்காதம்மா!"

"உப்புதாங்க்கா. தெனம் வாயிலதான் போவுது, இதுல என்னா?" என்றவள், என் கைத்துணியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "பாத்தியில தண்ணி காஞ்சாதான உப்பு பூக்கும்? நீ பாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, பூக்காதன்னா கேக்குமா?"

வருடக்கணக்கில் கடற்காற்றைக் குடித்த சுதை. நான் கொடுத்த ஈரத்தில் உள்ளிருந்த உப்பு கரைந்து, காயும்போது நிறத்தையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நானே படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான்.

"சரி வுடு, கூட்டிடட்டுமா?" விளக்குமாறு பீடத்தருகே வந்துவிட்டது.

ஒரே தள்ளு. செதில்கள் போய்விடும். பழைய சேதம் என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், கிளியைப் பார்த்தேன்.

"வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

செதில்களைத் தாளில் ஏந்தி உறையில் போட்டேன். பழைய வரியை அடித்துவிட்டு, "காலையில் நான் ஈரத்துணியால் துடைத்தேன். அதன்பின் நிறம் உதிர்ந்தது" என்று எழுதினேன்.

பொறுப்பாளர் இரண்டு முறை படித்தார். "நீங்க எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே மேடம்?"

"தெரிஞ்சிருக்காதுங்க சார்."

சிற்பம் கண்காட்சிக்குப் போகாது என்றார். என்னைப் பற்றி, "காலையில போன் பண்றேன்" என்றதோடு சரி.

போன் வந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்னும் அந்த விளக்குமாறு கண்முன் வந்து நிற்கிறது; என் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், கண்டதை எழுதுவது, அதில் என் கை செய்ததையும் சேர்த்து எழுதுவது என்று இப்போது பதில் சொல்ல முடிகிறது.

அன்று சாயங்காலம் இதெல்லாம் தெரியாது. பஸ் வந்து நின்றது. வழியனுப்ப வந்தவள்போல் அந்த உப்பளத்துப் பெண்ணும் நின்றிருந்தாள்.

"நாளைக்கு வருவியாக்கா?"

"தெரியலம்மா."

"வந்தா துணி எடுத்தாராத, சொல்லிட்டேன்."