பேசிக் கொடுக்கப் போன இடத்தில்

ஊர்விட்டு ஊர் வந்து பாஷை தெரியாமல் நிற்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று பேசிக் கொடுப்பது என் வேலை. பேசுவது சுலபம், பேசி முடித்த பிறகு அந்த அறையில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். திருவனந்தபுரத்தில் அகதிகளுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் உதவுகிற ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்யாணமாகிக் கொல்கத்தாவில் இருந்தபோது பெங்காலி. இவ்வளவுதான் என் தகுதி. யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரிக்கோ ஆபீஸுக்கோ போய்விட்டு வந்து, அன்று சாப்பாடு இறங்காமல் தட்டை நகர்த்தியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உடனே கிடைத்த வீடு

செல்வன் என்பவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். அவரும் மனைவி வதனியும் இலங்கைக்காரர்கள். அவர்களுக்கு வாடகை வீடு தேடி நானும், என்கூட வேலை செய்கிற பிந்துவும் தெருத்தெருவாக அலைந்தோம். என்னைப் பார்த்துச் சிரித்த வீட்டுக்காரர்கள், ‘இலங்கை’ என்று காதில் விழுந்ததும் வீட்டை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டது நினைவுக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மணக்காட்டுப் பக்கம் ஒருவர் எதுவுமே கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விட்டார். பக்கத்து வீட்டுச் சேச்சி பிந்துவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். முன்பு குடியிருந்த பெண் பின்பக்கத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாளாம். அதற்கப்புறம் யாரும் அங்கே தங்கவில்லையாம். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நல்ல உச்சி வெயிலில், கிணற்றுக் கப்பி கிறீச்சென்று சுற்றியது. அதில் கயிறே இல்லை. காற்றும் இல்லை. பிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று வதனியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். வதனி தேநீர் போட்டு எனக்கு ஒரு தம்ளர் தந்தாள். இன்னொன்றை எடுத்துப் போய்க் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்தாள். நான் குடிக்காமல் அவளையே பார்த்தேன். வெளியே கப்பி மெல்லச் சுற்றி நின்றது. வதனி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “ஆரோ ஒருத்தி இருக்கிறா அக்கா. இருந்திட்டுப் போகட்டும். இந்தத் தெருவில எங்களை எந்த நாடெண்டு கேக்காத ஒரே ஆள் அவதான்.”

இரண்டு ரஃபீக்

விழிஞ்ஞம் போகிற வழியில், கட்டட வேலையில் சாரம் சரிந்து ஒருவர் இறந்துபோனார். பேர் ரஃபீக், வங்காளத்துக்காரர் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவருடைய போனில் ‘வீடு’ என்று ஒரு நம்பர் இருந்தது. சவக்கிடங்கு வராந்தாவில் நின்றுகொண்டு அதை அழைத்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. “ரஃபீக் வீடுதானே?” என்று பெங்காலியில் கேட்டேன். “ரஃபீக்தான் பேசறேன், சொல்லுங்க” என்றது குரல். சுவருக்கு அந்தப் பக்கம் ரஃபீக் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் அழுதார். பிறகு மெதுவாகச் சொன்னார்: ரயிலில் ஏற்பட்ட பழக்கமாம். இறந்தவன், தன் நாட்டில் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று எல்லை தாண்டி ஓடி வந்தவனாம். போகிற இடமெல்லாம் பேரும் ஊரும் கேட்கிறார்கள் என்று அவன் பயந்தபோது, ‘நான் ஊருக்குத் திரும்புகிறவன், என்னுடையதைச் சொல்லிக்கொள்’ என்று இவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் அவ்வப்போது கூப்பிட்டு, ‘ரஃபீக், உன் ரஃபீக் சௌக்கியம்’ என்பானாம். சொந்தப் பேரை இவரிடம்கூடச் சொன்னதில்லையாம். பள்ளிவாசல்காரர்கள் அடக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். எந்தப் பேரைச் சொல்லித் தொழுவது என்று அவர்கள் கேட்கவே, மறுபடியும் அழைத்தேன். அவர் சொன்னார்: “என் பேரையே சொல்லுங்க, அக்கா. அவன் அதுல பழகிட்டான். இனிமே எனக்குத்தான் அந்தப் பேரு பொருந்தாது.”

நான் என்ற சொல்

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. எதிரில் இருப்பவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று நழுவக் கூடாது. பவானி என்ற பெண்ணுக்காக ஒரு மனநல மருத்துவரிடம் போய்வந்துகொண்டிருந்தேன். படகில் தப்பி வரும்போது அவள் மகள் கடலில் போய்விட்டாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, நான் மலையாளத்தில் சொன்னேன். ‘நான் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.’ ‘நான் விடவில்லை, அது வழுக்கிக்கொண்டு போயிற்று.’ ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. முடிந்து எழுந்திருக்கும்போது என் வலது கை மூடியே இருக்கும். விரல்களை இடது கையால் பிரித்து எடுப்பேன். வீட்டில் குடிக்கிற தண்ணீர் உப்புக் கரித்தது. என் கணவர் குடித்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர்தானே என்றார். பவானியோ வரவர நன்றாகத் தூங்கினாள், சாப்பிட்டாள்.

ஒருநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். மகளைப் பற்றி இப்போது என்ன தோன்றுகிறது என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பவானி குழப்பமாக டாக்டரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் மூடிய கையின்மேல் தன் கையை வைத்தபடி டாக்டருக்குப் பதில் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு இரக்கம். என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். பவானி சொன்னது இது: “எனக்குப் பிள்ளையே இல்லை டொக்டர். அதெல்லாம் இந்த அக்காவுக்குத்தான் நடந்தது. பாவம், அவவிட்டக் கேளுங்கோ.”

ஊரற்றவர்களைக் குடியேற்றுகிற வேலை என்று சொல்லித்தான் என்னை இதில் சேர்த்தார்கள். எதற்குள் குடியேறுவார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.