குளம்பு படாத நிலம்

“நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கம்பிக்குள்ள ஒரு குளம்பு படாது. பட்டுச்சுன்னா நான் போய்ட்டேன்னு வச்சுக்குங்க.”

மேய்ச்சல் சங்கத்துக் கண்காணிப்பாளர் இப்படிச் சூளுரைத்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே அதற்குரிய கைதட்டல் கிடைக்கவில்லை. பட்டப்பெயர் மட்டும் கிடைத்தது: முள்கம்பி.

காரணம் என்னவோ நியாயமானதுதான். மாடுகள் புல்வெளியை வேர்வரை நக்கியிருந்தன. மேட்டுப்பக்கத்தைக் கம்பி கட்டி அடைத்து ஒரு மழைக்காலத்துக்கு ஓய்வு கொடுப்பது, பிறகு அதைத் திறந்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தை அடைப்பது என்பது சங்கத்தின் ஏற்பாடு. மழை வந்தது. புல் இடுப்புயரம் எழுந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பாராட்டு வாங்கிய புல்லை மாட்டுக்குப் போட யாருக்கு மனசு வரும்? முள்கம்பி திறக்கவில்லை. அடுத்த மழைக்கும் திறக்கவில்லை. அதற்கடுத்ததற்கும்.

அப்புறம்தான் அந்த இடம் ஒரு மாதிரி ஆனது.

முதலில் சத்தம் போயிற்று. வெட்டுக்கிளி இல்லை, அதைத் தேடி வரும் குருவியும் இல்லை. புல் பச்சையை விட்டுச் சாம்பல் நிறத்துக்கு வந்து, செத்த பிறகும் விழாமல் நின்றது. காற்றே இல்லாத வேளையிலும் உள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோல் ஒரு சரசரப்பு. சாயங்காலமானால் மாடுகளெல்லாம் கம்பியோரம் வரிசையாக வந்து நின்று, கத்தாமல், வாலைக்கூட அசைக்காமல், உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன. மனிதர்களே வரிசையில் நிற்காத ஊர் அது. கிலி பிடித்ததில் வியப்பில்லை.

முள்கம்பியின் அக்கா பால் ஊற்றிப் பிழைப்பவள். கீழ்ப்பக்கத்தில் மண்தான் மிச்சம். அவள் மாடுகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“உள்ள என்னடா இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அதான்டா பயமா இருக்கு. ஏதாவது இருந்தா சொல்லிடு, பழகிக்கிறோம்.”

“புல்லு ஓய்வெடுக்குது.”

“இத்தன வருசமா எந்திரிக்காம கெடந்தா அதுக்குப் பேரு ஓய்வா? நாளைக்கு மாட்டு வியாபாரி வர்றான். மாடு போச்சுன்னா மூணு வேளையும் உன் வீட்டுலதான் சாப்பாடு. உன் பொண்டாட்டிகிட்ட இப்பவே சொல்லி வை.”

அன்று மாலையே முள்கம்பி ஆய்வுக்குக் கிளம்பினார். வரிசையில் நின்ற மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த மரியாதை அவருக்குப் பிடிக்கவில்லை.

கம்பியைத் தாண்டி நாலடி வைத்ததும் கால் தரையில் படவில்லை. பழைய மெத்தையில்போல் அமிழ்ந்தது. குனிந்து சருகை விலக்கினார். கீழே இன்னொரு சருகு, அதன் கீழே இன்னொன்று. அடியில் ஈர வாடை. வெயிலே காணாத சில முளைகள் உதிர்ந்த மயிர்போல் வெளிறிச் சுருண்டு கிடந்தன. ஒரு புல்தூரைப் பிடித்து லேசாக இழுத்தார். அது எதிர்க்கவே இல்லை. இவருக்காகவே காத்திருந்ததுபோல் கையோடு வந்துவிட்டது.

ஆய்வு அத்துடன் முடிவுற்றது. திரும்பிய வேகத்தை ஓட்டம் என்று சொல்வது பதவிக்கு அழகல்ல.

கம்பியருகே வந்ததும் நின்றார். வேலி நெடுக, உட்புறமாக, ஒரு மாட்டுக் கழுத்தின் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஓடியது. குட்டையான, அடர்ந்த, இளம் புல். அதில் ஒரு வெட்டுக்கிளி. அக்காவின் மாடு கம்பிக்கிடையே தலையை நுழைத்து, நாக்கைச் சுழற்றி, சரக்கென்று ஒரு வாய் பறித்தது. நாக்கு எட்டிய வரைக்கும்தான் அந்த நிலத்தில் உயிர் இருந்தது.

அங்கிருந்தபடியே அக்காவைக் கூப்பிட்டார்.

“பாதி மந்தைதான் உள்ள வரணும். மிதிச்சு, கடிச்சு, தளிர் வந்ததும் வெளிய ஓட்டிடணும். கீழ்ப்பக்கத்த அடைக்கணும். ஒரு மழைதான், அதுக்கு மேல கெடையாது.”

“தொறக்கும்போதே மூடுறதப் பத்திப் பேசுறான் பாரு.”

கம்பியை அவிழ்த்தார். மாடு நகரவில்லை. கயிற்றைப் பிடித்துத் தாமே முன்னால் உள்ளே நடந்தார். பின்னால் சருகு நொறுங்க ஒரு குளம்பு மெதுவாக இறங்கியது.

“டேய், உசுரோடதான இருக்க?” என்றாள் அக்கா.

முள்கம்பி யாரும் பார்க்காதபடி ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அடுத்த மாட்டின் கயிற்றுக்காக மறுகையை நீட்டினார்.