நெட்வொர்க் சான்றிதழும் கிராம சேவகர் சீலும்

இன்று காலை கண்டியில் ஒரு கம்பியூட்டர் கம்பெனியில் எனக்கு நேர்முகத் தேர்வு. கலஹா பஸ்ஸில் போனேன். பேராதனைச் செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள்.

அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரர், “எங்க போறீங்க?” என்று சிங்களத்தில் கேட்டார்.

வேலை தேடிப் போவதாகச் சொல்லி, பைலைத் திறந்து நெட்வொர்க் சான்றிதழை நீட்டினேன். இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை பாஸ் பண்ணியது. எந்த நாட்டிலும் செல்லும் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள்.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “சீல் எங்க?”

“இதுக்கு சீல் இல்ல சேர். இந்த நம்பர இன்டர்நெட்ல அடிச்சா என் பேர் வரும்.”

அவர் மணல் மூட்டைகளை ஒருமுறை பார்த்தார். அங்கே ஒரு தேத்தண்ணீர்க் கோப்பைதான் இருந்தது.

மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் பைலை முழுக்கக் கிளறினேன். நல்லவேளை, நான் இந்த ஊர்க்காரன்தான் என்று எங்கள் ஊர் அரசாங்க அலுவலரான கிராம சேவகர் தந்த கடிதம் அடியில் கிடைத்தது. பாதி அழிந்த ஊதா சீல்.

“இத முதல்லயே காட்டியிருக்கலாமே” என்று அனுப்பிவிட்டார்.

நேர்முகத் தேர்வில் மெனேஜரும் சான்றிதழை ஒருபக்கம் வைத்துவிட்டு, “கிராம சேவகர் லெட்டர் இருக்கா?” என்றுதான் ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சிரித்தார். “அப்ப நீ கிராம சேவகர் பரீட்சையே எழுதியிருக்கலாமேடா!”

அந்தப் பரீட்சையின் பழைய வினாத்தாள் யாரிடமாவது இருக்கிறதா? சீல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.