அட்டமியில் மாற்றாத முகவரி

ஜெயகௌரிக்கு முப்பத்தொன்பது வயது. உடுவிலில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட வாடகை வீட்டில் இருந்தபடி இணையத்தளங்கள் செய்கிறாள். கணவன் இறந்து ஆறு வருடம். அந்த வருடம் அவளுக்குக் கணினியில் தெரிந்தது கடிதம் தட்டச்சுச் செய்ய மட்டும். மிச்சத்தைப் பிழை விட்டு, திருத்தி, தானே படித்தாள். அவளுடைய அறிவைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. வெறும் நெற்றியைப் பற்றிப் பேச ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

கரவெட்டிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றுக்குப் புதிய தளம் செய்து கொடுத்தாள். கூலி கேட்கவில்லை. பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு: ஜெயகௌரி, உடுவில்' என்ற வரியும் தொலைபேசி இலக்கமும் இருந்தால் போதும் என்றாள். அதைப் பார்த்து அடுத்த வேலை வரும். செயற்குழு ஒப்புக்கொண்டது.

நிலையத்தின் இணையப் பெயர் பழையதுதான். தளம் குடியிருக்கும் கணினிதான் மாறுகிறது. இணையத்தில் கணினிகளுக்கு முகவரி என்பது ஓர் இலக்கம். நாம் பெயரைத் தட்டியதும் நமக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் கணினி அந்த இலக்கத்தை விசாரித்துக்கொண்டு புறப்படுகிறது. முதலில் உச்சியில் உள்ள கணினியைக் கேட்கும். அது பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் துண்டுக்குப் பொறுப்பான கணினியைக் காட்டும். அந்தக் கணினி, இந்தப் பெயரின் பதிவேடு எங்கே இருக்கிறது என்று சொல்லும். இலக்கம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். கேட்ட கணினி, கிடைத்த விடையைப் பதிவேடு குறித்த காலம்வரை ஞாபகத்தில் வைத்திருக்கும்; அதுவரை திரும்பப் போய்க் கேட்காது. நிலையத்தின் பதிவேட்டில் அந்தக் காலம் ஒரு முழு நாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை திறப்புவிழா என்றால் புதனே இலக்கத்தை மாற்றிவிட வேண்டும். ஆனால் பதிவேட்டின் கடவுச்சொல் தலைவர் தம்பிராசாவின் டயறியில் இருந்தது. அவர் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்.

"புதன் அட்டமி, வியாழன் நவமி. ரெண்டிலையும் தொடங்கேலாது பிள்ளை. வெள்ளி பத்துப் பத்துக்குத்தான் நல்ல நேரம். பத்தரைக்கு ராகுகாலம் வந்திடும்."

"சேர், நாங்கள் வீடு மாறினது தெரியாதவன் பழைய வீட்டுக்குத்தானே போவான்? அவன் திரும்ப விசாரிக்க ஒரு நாள் செல்லும்."

"நேரம் நல்லதெண்டால் எல்லாம் உடனை நடக்கும்."

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒளியின் வேகம் படிப்பித்த வாய் அது.

வெள்ளி காலை எட்டு மணிக்கு, இணையம் வேலை செய்கிறதா என்று பார்க்க, அவரே மண்டபத்துக் கணினியில் பழைய தளத்தைத் திறந்து பார்த்தார். அத்தோடு மண்டபத்து இணைப்பு பழைய இலக்கத்தை மறுநாள் எட்டு மணிவரை மனதில் பதித்துக்கொண்டது.

பத்து மணிக்குத் தலைவர் டயறியைப் பார்த்துக் கடவுச்சொல்லைச் சொல்ல, ஜெயகௌரி பதிவேட்டில் புதிய இலக்கத்தைத் தட்டி, கடைசிப் பொத்தானை மட்டும் மிச்சம் வைத்தாள்.

"இனி நீர் உள்ளுக்கை இரும் பிள்ளை. குறை நினையாதையும்," என்றார் தலைவர்.

மடித்து அடுக்கிய கதிரைகளுக்கு நடுவே, களஞ்சிய அறையில் அவள் நின்றாள். தலைவரின் மனைவி பராசக்தி விளக்கேற்றி, பத்துப் பத்துக்குப் பொத்தானை அமத்தினாள். தளத்தைத் திறந்தபோது திரையில் பழையதே வந்தது. ஐந்து நிமிடம் கழித்தும் அதுவே வந்தது.

"புதுசு எண்டு கூப்பிட்டுப் பழசைக் காட்டினம். சோடாவாவது புதுசோ?" என்றது பின்வரிசை.

முன்வரிசையில் இருந்த கமலாவதி சிரிக்கவில்லை. "வெறும் நெத்தியோடை உவளை ஆர் விடியவே முன்னுக்கு வரவிட்டது?"

ஜெயகௌரி தன் போனோடு வெளியே வந்தாள். "சேர், இது வேறை கொம்பனி இணைப்பு. இது கன நாளா இந்தப் பெயரைக் கேக்கேல்லை. இப்பதான் விசாரிச்சது, அதாலை புது இலக்கம் கிடைச்சிருக்கு. பாருங்கோ."

போனில் புதிய தளம் இருந்தது. தலைவர் அதைப் பார்க்கவில்லை, சபையைப் பார்த்தார்.

"உம்மடை போனிலை தெரிஞ்சு என்ன? உள்ளுக்கை போம்."

மறுநாள் எட்டு மணி தாண்டியதும் மண்டபத்திலும் புதிய தளம் வந்தது. தலைவர் தொலைபேசி எடுத்தார்.

"பராசக்தியின்ரை கைராசி, சுணங்கினாலும் வந்திட்டுது. ஒண்டு பிள்ளை, அடியிலை கிடக்கிற உம்மடை பெயரை எடுத்துவிடும். சனம் ஒரு மாதிரிக் கதைக்குது."

தளத்தின் ஒவ்வொரு எழுத்தையும் வைத்தவள் அவள். கெடுத்தது அவருடைய பஞ்சாங்கம். இருந்தும் புகழ் பொத்தானைத் தொட்ட விரலுக்குப் போகிறது. இதைக் கேட்டும் குமட்டாதவர்களைத்தான் நாங்கள் பண்பான மனிதர் என்கிறோம்.

"நான் எடுக்கமாட்டன் சேர். தளத்தின்ரை கடவுச்சொல்லைத் தாறன், எழுதுங்கோ. நீங்களே எடுங்கோ, நல்ல நாள் பாத்து."

அவர் எழுதிக்கொண்டார். மூன்று மாதமாயிற்று. எடுக்கும் விதம் செயற்குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வரி அங்கேயே இருக்கிறது.

போன கிழமை அந்த வரியைப் பார்த்து உடுப்பிட்டியிலிருந்து வினோஜா தொலைபேசி எடுத்தாள். பூக்கன்றுகள் விற்பவள். அவளுடைய தளத்தையும் வேறு கணினிக்கு மாற்ற வேண்டுமாம்.

"பதிவேட்டுக் கடவுச்சொல் ஆரிட்டை இருக்கு?" ஜெயகௌரி முதலில் கேட்டது அதுதான்.

"என்னட்டைத்தான் அக்கா. நீங்கள் சொல்லுற நாள் மாத்துவம்."

"அப்ப செவ்வாய் பின்னேரம் மூண்டரைக்கு வாறன்."

"அது ராகுகாலமெல்லே?"

"ஓம். அப்பத்தான் எனக்கு வேறை வேலை இல்லை."

வினோஜா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். "சரி, வாங்கோ."