நடுவில் போன பதிமூன்றரை

கையெழுத்துப் போடத் தெரியும் என்கிற திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு அப்புறம் அவனைத் திட்டுகிறேன்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த ஏஜென்சி. வீட்டில் படுத்துக் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற இடம். நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரி. நடவுக்கும் களைக்கும் போய்ப் போய் முழங்கால் இரண்டும் போய்விட்டது. பிள்ளைகள் வீட்டில் தட்டை நீட்ட எனக்கு மனசு வராது. மாமியார் படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் நான்தான் பார்த்தேன், முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. அந்த ஒரு தைரியத்தில் மாடி ஏறினேன்.

எனக்கு முன்னால் கடலாடிக்காரி ஒருத்தி. கைநாட்டு. அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய், பேப்பரில் எழுதியிருப்பதை எல்லாம் வாசித்துக் காட்டி, அப்புறம்தான் விரலை மையில் அமுக்கினார்கள். என் முறை வந்தது.

"ஆயா, கைநாட்டா?" என்று கேட்டது மேசையில் இருந்த பிள்ளை.

"பேனாவைக் குடு" என்றேன்.

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். பஸ்ஸில் ஊர் பேர் படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். அந்தத் தாளிலோ எறும்பு ஊர்ந்தாற்போல நான்கு பக்கம். வாசித்துக் காட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நானும் கைநாட்டுக்காரியும் ஒன்று என்று ஆகிவிடும் அல்லவா? நான்கு பக்கத்திலும் என் பெயரை முழுசாக, கொம்பு சுழித்து எழுதிக் கொடுத்தேன். ஏஜென்சிக்காரன் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ஆயா கையெழுத்து கலெக்டர் கையெழுத்தால்ல இருக்கு" என்றான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

சம்பளம் மாசம் பத்தாயிரத்து ஐந்நூறு, அங்கேயே தங்கிப் பார்க்க வேண்டும், சாப்பாடு அந்த வீட்டில் என்றான். "வீட்டாளுககிட்ட சம்பளப் பேச்சு பேசக் கூடாதும்மா. அது மரியாதை இல்ல" என்றும் சொன்னான். மரியாதை என்று சொல்லிவிட்டால் நான் எதற்கும் தலையாட்டுவேன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தானோ.

அனுப்பிய இடம் பாம்பன். வேதக்கார வீடு, நடுச்சுவரில் மாதா படம். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன், வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறும். அவரும் அவர் பெண்சாதியும்தான் வீட்டில். அந்த அம்மாளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவிருக்கும். நாற்பது வருஷம் கரையில் உட்கார்ந்து மீன் விற்ற தொண்டை; ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். புருஷன் விழுந்ததும் வள்ளத்தை விற்று, அந்தக் காசை ஒரு தகர டப்பாவில் வைத்து, கருவாட்டு மூட்டைக்கு அடியில் ஒளித்திருந்தாள். அதில்தான் மருந்து, அரிசி, எனக்கான செலவு எல்லாம்.

வேலையில் எனக்குக் குறை இல்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் அவரைப் புரட்டுவேன், துடைப்பேன், பவுடர் போடுவேன், கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவேன். ஆனால் அந்த அம்மாள் என்னிடம் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மீன்காரி வீடு, தினம் மீன். என் தட்டில் மட்டும் வால்துண்டுதான் விழும். நாலு மணிக்குத் தேத்தண்ணி கேட்டால், "வாங்குற சம்பளத்துக்கு ஒரு பால் பாக்கெட்டு வாங்கி வச்சுக்கிறலாம்ல?" என்பாள். கால் கொஞ்சம் நீட்டினால், "சம்பளக்காரி காலு நோகுதாக்கும்" என்பாள். கஞ்சப் பிசினாரி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். பத்தரை ஆயிரத்துக்கு இவ்வளவு பேச்சா என்று வயிறு எரியும். வாய் திறக்கமாட்டேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏன்க்கா, சம்பளம் ஒழுங்கா வருதா?"

"ஒரு குறையும் இல்ல" என்றேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. என் கூலி குறைச்சல் என்று இன்னொரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது?

மாசம் ஐந்தாம் தேதி ஏஜென்சிக்காரன் மோட்டார் சைக்கிளில் வருவான். வரப்போகிற மாசத்துக்கான பணத்தை அந்த அம்மாளிடம் முன்கூட்டியே வாங்குவான். "நீங்க அய்யாவைப் பாருங்க ஆயா" என்று என்னைக் கட்டில் பக்கம் அனுப்பிவிட்டு, அடுப்படியில் வைத்து வாங்கிக்கொள்வான். அப்புறம் என்னைத் தெருமுக்குக்குக் கூப்பிட்டு, முதுகைக் காட்டி நின்று எண்ணி, முடிந்த மாசச் சம்பளத்தை ஒரு கவரில் போட்டு நீட்டுவான். "இங்கன வச்சு எண்ணாதீக" என்பான். அந்த நோட்டுகள் ஒவ்வொன்றிலும் கருவாட்டு வீச்சம் அடிக்கும். ஏழு மாசம் மோந்து பார்த்து வாங்கினேன். எங்கிருந்து உருவித் தருகிறான் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. வயலில் கூலி வாங்கும்போது வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, அடுத்தவள் கையில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வாங்கிய நான்தான் தெருமுக்கில் ஒளிந்து நின்று வாங்கினேன்.

எட்டாம் மாசம் ஒரு மத்தியானம், முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த மாசத்தோட நிப்பாட்டிக்கிருவோம்."

"ஏம்மா, எம்மேல குறையா?"

"குறையா? அவுக முதுகப் பாத்தாலே தெரியுதே. குறை எல்லாம் டப்பாவுலதான். வள்ளத்தோட முன்பக்க அணியத்தத் தின்னாச்சு, நடுவத் தின்னாச்சு, இப்பப் பின்பக்கத்தக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். கிறிஸ்துமஸ் தாண்டாது. அவுகள மதுரையில ஒரு ஹோமுல சேத்துவிடலாம்னு மாதா கோயில் சாமியார் சொல்றாக."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அந்த மனுஷனுக்கு வாய்தான் குழறும், காதுக்கு ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"மாசம் இருபத்திநாலு உனக்கு அவுத்துக் குடுக்க இனி எனக்கு ஏலாதுக்கா" என்றாள்.

"எனக்கு எம்புட்டு?"

"இருபத்திநாலாயிரம்."

அழுகின எலியை மிதித்தாற்போல இருந்தது. பேசினால் என் பவிசு போய்விடும். பேசாவிட்டால் அந்த மனுஷன் மதுரைக்குப் போய் யாரோ கையில் கிடக்க வேண்டும்.

"எனக்கு வர்றது பத்தரை" என்றேன்.

அவள் கருவாட்டைக் கீழே போட்டாள். "பொய் சொல்லாத. ஒரு குறையும் இல்லன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னியே!"

"சொன்னேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

கவரை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். நோட்டை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் டப்பா வாசனை அவளுக்குத் தெரியாதா? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடி பாவி. இருபத்திநாலு வாங்குறவளுக்கு நடுத்துண்டு வேற ஒரு கேடான்னுதானே வாலாப் போட்டேன்."

"தெரியும். நானும் உன்னப் பிசினாரின்னுதான் ஏழு மாசமா வையிறேன்."

"வெளியவா?"

"உள்ளுக்குள்ளதான்."

"வெளிய வஞ்சிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்ல" என்றாள். சிரிப்பு வந்தது, அதுவும் நல்ல சிரிப்பு இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், இரண்டு பொம்பளைகளை ஒருத்தியை ஒருத்தி வெறுக்க வைத்துவிட்டு நடுவில் பதிமூன்றரையை உருவிக்கொண்டு போயிருக்கிறான்.

ஐந்தாம் தேதி வந்தான். அவள் வாசலிலேயே வழிமறித்து நின்றாள்.

"உள்ள போயிருவோம்மா, வெயிலா இருக்கு" என்றான்.

"இங்கனயே பேசுவோம் தம்பி. ஒங்க தரகு எம்புட்டு?"

"தரகுன்னு இல்லம்மா. சர்வீஸ் சார்ஜ்."

"பேரு என்னவும் இருக்கட்டும். எம்புட்டு?"

"அது ஆபீஸ் விஷயம்மா."

"எங்க மீனுக்கும் தரகன் இருக்கான். நூத்துக்கு இம்புட்டுன்னு கரையில சத்தமாச் சொல்லிட்டுத்தான் எடுப்பான். பிடிக்கலைன்னா கூடையத் தூக்கிக்கிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிருவோம். நீ சொல்லு, நூத்துக்கு எம்புட்டு?"

அவன் என்னைப் பார்த்தான். "இவுக இருபத்திநாலு, நான் பத்தரை. நடுவுல பதிமூணரை எங்கன போச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"செலவு இல்லையா ஆயா? யூனிபாரம், டிரெய்னிங், வரி, ஆபீஸ் வாடகை..."

"யூனிபாரத்துக்கு எங்கிட்டயே ஆயிரத்து ஐந்நூறு பிடிச்ச. டிரெய்னிங்கு அரை நாளு. கையுறைய எப்பிடி மாட்டுறதுன்னு ஒரு சின்னப் பிள்ள சொல்லிக் குடுத்துச்சு. மூணு வருசம் மாமியாளுக்குப் பீ அள்ளுன எனக்கு!"

அப்போதுதான் பையிலிருந்து தாளை எடுத்தான். சம்பளத்தை வீட்டில் சொல்லக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். ஏஜென்சியை விட்டுவிட்டு இந்த வீட்டில் நேராக வேலை பார்த்தால் ஒரு வருஷத்துக்கு எந்த வீட்டுக்கும் என்னை அனுப்பமாட்டானாம். அந்த அம்மாளும் ஒரு தாளில் போட்டிருக்கிறாள்: என்னை நேராக வைத்துக்கொண்டால் இரண்டு மாசப் பணம் தண்டம் கட்ட வேண்டும். கொம்பு சுழித்த என் கையெழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். எனக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அவன் கையை இல்லை, என் கையை.

அந்த அம்மாள் அசரவில்லை. "கட்டுறேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சனம் வெளிய வரும். கோயில் வாசலுக்கு வந்து கேளு. இவுக வீட்டுல இருபத்திநாலு வாங்குனேன், அந்தப் பொம்பளைக்குப் பத்தரை குடுத்தேன், பதிமூணரைய நான் எடுத்துக்கிட்டேன், அது நின்னு போச்சு, அதுக்குத் தண்டம் குடுன்னு கேளு. அங்கனயே எண்ணி வைக்கிறேன்."

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றான். எதிர் வீட்டில் கதவு திறந்தது. அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அவன்தான் ஆள் அனுப்பியிருந்தான். செய்ததற்கு அவனுக்கு ஒரு துளி கூச்சம் இல்லை, தெருவுக்குக் கேட்டுவிடுமே என்றுதான் கூச்சம். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முழு அருவருப்பும் வந்தது.

"நோட்டீசு வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். வரவில்லை. வந்தால் அதிலும் அந்தத் தொகைகளை எழுத வேண்டுமே. முடிந்த மாசத்துக்கு எனக்குத் தர வேண்டிய பத்தரையையும் தராமலே போனான். இரண்டு தரம் மாடி ஏறிக் கேட்டேன். "சார் வெளிய போயிருக்காரு" என்றது மேசைப் பிள்ளை. மூன்றாம் தரம் ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் வண்டியை எடுத்துப் போன அன்றைக்கே நாங்கள் பேசி முடித்தோம். அவள் பதினைந்து என்றாள், நான் பதினாலு என்றேன். "கூலியக் குறைக்கச் சொல்லி அடம் பிடிக்கிறவள நான் இப்பத்தான் பாக்கேன்" என்று வைதாள். பதினாலில் நின்றது. டப்பாவை முற்றத்தில் கொட்டி, மருந்துக்கு, அரிசிக்கு என்று பிரித்து வைத்தாள். ஈஸ்டர் தாண்டியும் வரும் என்றாள். அதையே உள்ளே போய் அவர் காதுக்குள் கத்தினாள். வாசல் சத்தம் கேட்டு மறுபடி கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். மதுரைப் பேச்சு அத்தோடு போயிற்று.

இரண்டு மாசம் கழித்து மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது அவன் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். ஒன்றுமே நடக்காதது மாதிரி பல்லைக் காட்டினான்.

"கோவமெல்லாம் போச்சா ஆயா? ஒங்க ஊர்ப் பக்கம் பொம்பளைக இருந்தா அனுப்புங்க. ஆளுக்கு ஆயிரம் உங்களுக்கு. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் வேலையில்லாமல் இருக்கிறவர்களை ஒரு நிமிஷம் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து பேர் தேறினார்கள். ஐயாயிரம். அதன் பிறகுதான் என்ன எண்ணுகிறேன் என்று உறைத்தது. வாயில் ஊறிய எச்சிலை அங்கேயே துப்பினேன்.

"வீட்டுல எம்புட்டு வாங்குற, ஆளுக்கு எம்புட்டுக் குடுக்குறன்னு பெரிய எழுத்தா எழுதி ஒம் மாடிப்படியில ஒட்டு. நானே ஆள் கூட்டியாறேன்" என்றேன்.

"அப்பிடி எழுதுனா அப்புறம் யாரு ஆயா வருவா?" என்று சிரித்தான். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு, எங்கள் தெருவுக்குள்தான் போனான், வசூலுக்கு. அன்றைக்கு ஐந்தாம் தேதி. நான் வேகமாக நடந்தேன். அவன் ஆள் அனுப்பியிருந்த அந்த இரண்டு வீட்டுப் பொம்பளைகளிடமும் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.