பேருந்து நிலையத்தில் ஒரு மருதாணி

திண்டுக்கல் பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, தூரிகைப் பேனாவின் காலிக் குழாயில் மை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் அக்கா வத்தலக்குண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். கொழுந்தன் மகளுக்கு நிக்காஹ். வாங்கி வைத்திருந்த மருதாணிக் கோன் காய்ந்து கல்லாகிவிட்டதாம்.

"வெறுங்கையோட போனா நாத்தனாமாரு பேசியே கொன்னுருவாக. அந்தப் பேனாவுல செத்த போட்டு விடும்மா."

"தண்ணி பட்டா கரைஞ்சிரும்க்கா. பிரியாணிக்குக் கை கழுவணும்ல?"

அக்கா யோசிக்கிறார். பிரியாணியை விடவும் மனமில்லை. சட்டென்று வலக்கையை மடியில் ஒளித்துக்கொண்டு இடக்கையை நீட்டுகிறார்.

என்னிடம் இரண்டு பேனாக்கள் இருக்கின்றன. பட்டை நுனி, கைரேகைகளுக்குள் மையைப் பரப்பிவிடும். மெல்லிய நுனியை எடுக்கிறேன். மணிக்கட்டிலிருந்து கொடி அழகாக ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடிக்க, திடுக்கிட்டுக் குழாயை அழுத்திவிடுகிறேன். உள்ளங்கை நடுவில் கொழுத்த கறுப்புச் சொட்டு.

"அய்யோ, கெடுத்துட்டேன்க்கா!"

"இதுக்குப் போயி ஏம்மா பதறுற? சுத்தி நாலஞ்சு சொட்டு விடு. திராட்சக் கொத்தாயிரும்ல?"

விடுகிறேன். ஆகிவிடுகிறது.

மை காய்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஐந்து விரல்களையும் விரித்து, காற்றில் காயவைத்தபடி போகிறார் அக்கா. எதிரே வரும் பழனி பஸ்ஸில் யார் யாரோ அவருக்குப் பதிலுக்குக் கையசைக்கிறார்கள்.